5,000 ரூபாய் அபராதம் யாருக்குப் போதும்?

வளர்ப்பு நாய் கடித்தால் அதன் உரிமையாளர் மீது புகார் கொடுக்கலாம். சரி, தண்டனை என்ன? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் வெறும் 1,000 ரூபாய்தான்! 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது இருந்தது அந்தப் பழைய சட்டம்.

தெருவில் திரியும் நாய் கடித்தால் பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அரசுக்கே கணக்குப் போட்டுக் கொடுத்தது. "எங்க ஜிம்மி கடிக்காது" என்று சங்கிலி இல்லாமல் கூட்டிவருபவருக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். இப்போதைக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.