குளியலறைச் சாமான்களைச் சிமெண்டில் புதைத்துவிட்டுப் போனவர்களே, கழற்ற வருகிறவரை நினைத்தீர்களா?

உள்ளங்கை அகலத்தில் ஒரு பீங்கான் சோப்பு டிஷ். அதைச் சுவரிலிருந்து எடுக்க அரை நாள் ஆகிறது, பக்கத்தில் நாலு டைல்ஸும் சேர்ந்து போகிறது. ஏன்? பதித்தவர் பின்னால் கைப்பிடி கைப்பிடியாகக் கலவையை அப்பி, சுற்றிலும் வெள்ளை சிமெண்டை இழுத்துப் பூசிவிட்டுப் போய்விட்டார். குளியலறையில் வைக்கிற எந்தப் பொருளும் ஒருநாள் வெளியே வந்தே ஆக வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். எடுக்கப்போவது வேறு ஆள், அவ்வளவுதான்.

அடுத்த கோபம், "அஞ்சே நிமிஷம் சார், உடைச்சிடலாம்" என்று வந்த உடனே சுத்தியலைத் தூக்குகிறவர்கள் மேல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது. சுவர் டைல்ஸ் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன்தான். டிஷ்ஷுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இறுகிப்போன கிரவுட், அதாவது இடுக்கை நிரப்பும் பூச்சு, இருக்கும்வரை, டிஷ்ஷில் விழுகிற ஒவ்வொரு அடியும் நேராகப் பக்கத்து டைல்ஸில் போய் இறங்கும். விரிசல் அன்றைக்கே தெரிந்தால் அதிர்ஷ்டம். பல சமயம் பின்னால் பிடிப்பு மட்டும் விட்டு, தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். மாதங்கள் கழித்து டைல்ஸ் தானாகக் கழன்று விழும்.

முதலில் கிரவுட்டை வெட்டுங்கள். டிஷ்ஷைச் சுற்றி நாலு பக்கமும், டைல்ஸின் முழுத் தடிமனுக்கும். கிரவுட் அறுக்கும் கைரம்பம் போதும்; பொறுமை இல்லையென்றால் அதிர்ந்து வெட்டும் மல்டி டூல். 4 அங்குல கிரைண்டரை மூலைவரை ஓட்டாதீர்கள். வட்டத் தகடு மூலையை முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டுமென்றால் அடுத்த டைல்ஸுக்குள் புகுந்தே ஆக வேண்டும். இணைப்பு விட்ட பிறகு, டிஷ்ஷின் நடுவில் டைல்ஸ் பிட் போட்டு நாலைந்து ஓட்டை. டிரில்லில் ஹேமர், அதாவது இடித்துக்கொண்டே துளைக்கிற முறை, ஓடக் கூடாது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, சின்னச் சின்னத் தட்டலாக உடைத்து எடுங்கள். உளியின் முனை எப்போதும் டிஷ்ஷின் நடுவைப் பார்த்தே இருக்கட்டும். பக்கத்து டைல்ஸில் உளியை ஊன்றி நெம்பவே நெம்பாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். உடைந்த பீங்கான் சவரக் கத்திக்குச் சமம். கிரைண்டர் ஓடினால் தண்ணீர் தெளித்து வெட்டுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

சோப்பு டிஷ்ஷாவது பரவாயில்லை. வெஸ்டர்ன் கமோடை அடியில் முழுக்கச் சிமெண்ட் நிரப்பி உட்கார வைக்கிறார்களே, அதற்கு மன்னிப்பே கிடையாது! அடிப்பாகத்தில் ஸ்க்ரூ போடத்தான் ஓட்டை கொடுத்திருக்கிறார்கள். ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் உறை), ஸ்க்ரூ, பைப் வாய்க்கு ரப்பர் கனெக்டர், சுற்றி சிலிக்கான், பின்பக்கம் கசிவு தெரிய ஒரு சிறு இடைவெளி. முடிந்தது வேலை. இதை விட்டுவிட்டுக் கலவையைக் கொட்டினால், நெகிழ்வே இல்லாத சிமெண்டுக்கும் பீங்கானுக்கும் நடுவில் அழுத்தம் ஏறி அடிப்பாகம் கீறிக்கொள்ளும். நல்ல நிலையில் இருக்கிற கமோடைக்கூட முழுசாகக் கழற்ற முடியாது.

இப்படி உட்கார்ந்ததை எடுக்க ஒரே வழி உடைப்பதுதான். அதிலும் முறை இருக்கிறது. கமோடின் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து, வளைவில் நிற்கிற தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். தரையோடு சேர்கிற கோட்டைச் சுற்றி வெட்டிவிட்டு, மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக உடையுங்கள். கழிவு பைப் கண்ணில் பட்டதும் துணிப்பந்தை அடைத்துவிடுங்கள். அந்தத் துணியில் கயிறு கட்டி மறுமுனை வெளியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் துணியே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். துணி வைக்காமல் உடைத்தால் பீங்கான் சில்லு உள்ளே விழுந்து வளைவில் குத்திட்டு நிற்கும். பின்னால் வருகிற ஒவ்வொரு அடைப்பும் அதில் சிக்கித்தான் தொடங்கும். பைப்பைச் சுற்றி கடைசி 2 அங்குலத்துக்குப் பெரிய சுத்தியல் ஆகாது, சின்ன உளி மட்டும்தான். அங்கே அவசரப்பட்டால் பிவிசி பைப்பின் வாய் கலவையோடு சேர்ந்து பிய்ந்து வரும். பிறகு தரையையே தோண்ட வேண்டும்.

பழைய ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கிற குழாய்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மரை வெட்டிய இடத்தில் பைப்பின் சுவர் மெலிந்திருக்கும், துருவும் முதலில் அங்கேதான் தின்னும். ஸ்பேனரைப் போட்டு ஒரே முறுக்கு முறுக்கினால் அரை அங்குல நிப்பிள், அதாவது மரை வெட்டிய குட்டி இணைப்புப் பைப், சுவருக்குள்ளேயே முறிந்து நிற்கும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில மணி நேரம் விடுங்கள். முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். முறிந்தே போனால், முறிந்த துண்டை உள்ளே கவ்வித் திருகி எடுக்கிற எக்ஸ்ட்ராக்டர். அது இல்லையென்றால் ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நிப்பிளை நீளவாக்கில் இரண்டு இடத்தில் கீறி, உளியால் உள்பக்கமாக மடக்கி எடுக்கலாம். நிப்பிள் திருகியிருக்கிற சுவர்ப் பக்கத்து மரையைத் தொட்டுவிடாமல் கீற வேண்டும். தண்ணீரை மெயின் வால்வில் மூடாமல் இதைத் தொடுகிறவரை என்ன சொல்வது?

எல்லாம் எடுத்த பிறகு ஓட்டையில் கலவையை அடைத்து, உடனே டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். பெயர்த்த இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சும் பெயர்ந்துதானே இருக்கும்? அடைத்தது காய்ந்த பிறகு, பழைய பூச்சின் மேலும் ஏறும்படி இரண்டு கோட் அடிக்க வேண்டும். தரையைத் தோண்டியிருந்தால் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் டைல்ஸ் ஒட்ட ஒருவரையும் விடாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.