காரைக்கால் யாரும் தூக்கிக் கொடுத்த ஊர் இல்லை

“தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த காரைக்காலை 1956-ல் மாநிலம் பிரிக்கும்போது பாண்டிக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க” என்கிறார் ஒரு அண்ணன். இல்லைங்க. அது 1739-லேயே தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். நடுவில் ஆங்கிலேயர் சிலமுறை பிடித்துத் திருப்பிக் கொடுத்ததோடு சரி. 1947 ஆகஸ்டிலும் அங்கே பிரெஞ்சு ஆட்சிதான்.

நிர்வாகம் நம்மிடம் வந்தது 1954 நவம்பர் 1. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே. அண்ணனுக்குக் குழப்பம் இங்கேதான் வந்திருக்கும். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவே 1962 ஆகிவிட்டது. அந்த ஆகஸ்ட் 16-தான் சட்டப்படி இணைந்த நாள். யூனியன் பிரதேசமாக்கியது அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம்.

நாகூர் தாண்டி பஸ் வாஞ்சூருக்குள் நுழைந்ததும் மதுக்கடைகள் தெரிகிறதே, அந்த எல்லை பிரெஞ்சுக் காலத்து மிச்சம். இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக அந்தஸ்தை மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்றலாம் என்று அந்த 1956 ஒப்பந்தத்தின் 2-வது பிரிவே சொல்கிறது.