டீசல் இன்ஜின்ல ஹைட்ரஜன்: சைலன்சரை மட்டும் பாத்தா போதுமா?

டீசல் இன்ஜின்ல ஹைட்ரஜன் கலந்து ஓட்டுற வீடியோ ஒண்ணை நாலஞ்சு பேர் அனுப்பி இது நெஜமான்னு கேட்டுட்டாங்க, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

நெஜம்தான். ஹைட்ரஜன் தானா பத்திக்க 585 டிகிரி வேணும், டீசலுக்கு அதுல பாதிகூட வேணாம், அதனால கொஞ்சூண்டு டீசலை அடிச்சு அது பத்தினதும் அந்த நெருப்புலயே ஹைட்ரஜனை எரிய விடுறாங்க. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல 2022ல இப்படி 90 சதவீதம் ஹைட்ரஜன்லயே ஓட்டி, கார்பன் டை ஆக்சைடை 85 சதவீதத்துக்கு மேல குறைச்சுக் காட்டினாங்க. சூடு ஏறினா நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அது நுரையீரலுக்கு ஆகாது, அதையும் ஹைட்ரஜனை சிலிண்டருக்குள்ள எப்ப அடிக்கிறதுங்கற நேரத்தை மாத்தியே அடக்கினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது.

(இதையும், தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுத்து டீசலை மிச்சம் பண்ணும்னு சொல்லி வண்டியில மாட்டுற அந்த ‘தண்ணி கிட்’டையும் தயவுசெஞ்சு ஒண்ணாக்காதீங்க. அதுல தண்ணியைப் பிரிக்கிற கரன்ட், வண்டிக்குள்ள கரன்ட் எடுக்குற ஆல்டர்னேட்டர்ல இருந்து வருது, ஆல்டர்னேட்டரைச் சுத்துறது அதே டீசல். போட்டதை விட கம்மியாதான் திரும்ப வரும், காசைக் கொட்டாதீங்க.)

ஆனா அந்த 85 சதவீதம் இன்ஜின் விடுற புகையில மட்டும்தான், என் கவலையே அதுக்கு முன்னாடி நடக்குறது. ஒரு கிலோ ஹைட்ரஜன்ல 120 மெகாஜூல், கிட்டத்தட்ட 3.3 லிட்டர் டீசலுக்குச் சமம், அந்த டீசலை எரிச்சா சுமார் 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். சரி, அந்த ஒரு கிலோ ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுல இருந்து எடுத்தா? ஃபேக்டரியிலயே 9, 10 கிலோ போயிடுது! உலகத்துல இப்ப தயாராகுற ஹைட்ரஜன்ல பெரும்பங்கு எரிவாயு, நிலக்கரியில இருந்துதான் வருது, அப்போ புகை குறையல, இடம்தான் மாறுது. தண்ணியைப் பிரிச்சு எடுக்கலாம்னா கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல கரன்ட் வேணும், அது அனல்மின் கரன்டா இருந்தா இன்னும் மோசம், கார்பன் டை ஆக்சைடு 50 கிலோ கிட்ட போயிடும்.

அதுக்காக வேணாம்னு சொல்லல. சுரங்கம், ஒதுக்குப்புறத்துல ஓடுற பெரிய ஜெனரேட்டர் மாதிரி இடங்கள்ல நல்ல இன்ஜினைத் தூக்கிப் போடவும் முடியாது, பேட்டரியும் லேசுல கட்டுப்படியாகாது. அங்க பக்கத்துலயே சோலாரோ காத்தாலையோ வச்சு, தேவைக்கு மிஞ்சுற கரன்ட்ல ஹைட்ரஜன் எடுத்து அங்கயே எரிச்சா, 350 பார் (சாதாரண காத்தழுத்தத்தை விட சுமார் 350 மடங்கு) அழுத்தத்துல அடைச்சு ஊர் ஊரா லாரியில தூக்கிட்டுப் போற வேலையும் மிச்சம். நான் முதல்ல பாக்க ஆசைப்படுறது அங்கதான்.