அது சாக்கடை இல்லை, வாய்க்கால்

2025 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் மதுரைக்கு வந்தபோது, கண்ணில் படாமல் இருக்கப் பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்த விஷயத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் படம் போட்டுச் சிரித்து முடித்துவிட்டீர்கள். அப்புறம் அவரே வந்து பார்த்துவிட்டும் போனார். ஆனால் நேற்று ஒரு நண்பர், அவரும் மதுரைக்காரர்தான், "சாக்கடையை மறைக்காம வேற என்ன செய்வாங்க?" என்று எழுதியிருந்தார். மனசு ஆறவில்லை.

அது சாக்கடை இல்லை. வாய்க்கால். வைகையின் வடகரையில் பெய்கிற மழையையும் கண்மாய்கள் நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீரையும் ஆற்றில் கொண்டு சேர்க்கிற வாய்க்கால். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கில் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், கடைசியில் ஆற்றுக்குப் போகும். தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லும்போதுகூட நாம் குளத்தையும் ஏரியையும்தான் சொல்கிறோம். அந்த உலகனேரிக் கண்மாயில்தான் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. கண்மாய் போனாலும் மழை நிற்குமா? அது தன் வழியில் வரத்தானே செய்யும்!

வந்தது. 2024 அக்டோபர் 25. வடகரையில் இருக்கிற செல்லூரில் எங்கள் அத்தை வீட்டில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறை ஓட்டை வழியாகக் கருப்பாகப் பொங்கி வந்தது. அத்தை சாக்கைச் சுருட்டி அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி, கட்டில் கால் முங்கியதும் மாமாவும் அவளும் அதைப் பரணுக்குத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல். தண்ணீர் வடிந்து எத்தனையோ நாள் கழித்தும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு அப்படியே இருந்தது. அந்தக் கோட்டை யார் துணி கட்டி மறைப்பார்கள்?

"குப்பை போடுறது ஜனங்கதானே" என்பீர்கள். சரி, போடுகிறோம். நானே பார்த்துத் திட்டியிருக்கிறேன், வாய்க்காலில் மெத்தையைத் தூக்கிப் போட்டவரை. ஆனால் ஒரு வாய்க்காலைச் சாக்கடை என்று அதிகாரியும் சொல்லி, பத்திரிகையும் எழுதி, நாமும் சொல்லிக்கொண்டே இருந்தால் அதில் யார்தான் குப்பை போடமாட்டார்கள்? பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடு கழிவை எங்கே விடும்? 72 வார்டாக இருந்த மாநகராட்சியை 2011இல் 100 வார்டாக்கினோம். வீடு வந்தது, வரி வந்தது. வாய்க்காலின் அகலம் மட்டும் குறைந்துகொண்டே போனது.

ஊர் வளரக்கூடாதா என்றும் கேட்பீர்கள். வளரட்டும். கண்மாய்க்குள் ஏன் வளர வேண்டும்? இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தென்கரையில் கிருதுமால் என்று ஒரு நதி ஓடியது. நதி! இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். வைகையின் இரண்டு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பிச் சாலை போட்டாயிற்று, உள்ளே ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. சித்திரையில் அழகர் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் நமக்கு அது ஆறு.

வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்றான் பாண்டியன். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. அவளுக்காகச் சொக்கனே பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்டான். ஆவணி மூலத்துக்கு வருஷாவருஷம் புட்டுத்தோப்பில் கூடி நின்று கும்பிடுகிறோம். சாமியே கரையடைத்த ஊரில் ஒரு வாய்க்காலை வாய்க்காலாக வைத்திருக்க முடியவில்லை என்றால் எனக்கு அழுகைதான் வருகிறது. அந்த நண்பர் மேல்கூடக் கோபம் இல்லை, அவர் பிறந்ததிலிருந்து அதை அப்படித்தானே பார்த்திருப்பார்.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. துணி கட்டியவர்கள் ஆட்சிக்கு முன்னாலும் அது இப்படித்தான் நாறியது. திட்டுகிறவர்கள் கீழே திட்டுங்கள். வாய்க்கால் என்று எழுதித் திட்டுங்கள்.