ஆண்டுக்கு இரண்டு போதும்

என்.எச்.எல். என்னும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஐஸ் ஹாக்கி வழக்கமாக உள்ளரங்கில் நடப்பது; அதில் திறந்தவெளி ஆட்டங்களை இன்னும் கூட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் வாதாடுகிறார். ஆண்டுக்கு இரண்டு போதும் என்பேன் நான். டிக்கெட் விற்றுத் தீரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2014 புத்தாண்டன்று மிச்சிகன் மைதானத்தில் டெட்ராய்ட், டொராண்டோ அணிகள் மோதியபோது கொட்டும் பனியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் அதே சீசனில் மொத்தம் ஆறு ஆட்டங்கள் வைத்ததையும் சொல்லியிருக்கலாம். ஆறாவது ஆட்டம் வான்கூவரில். மழைக்குப் பயந்து மைதானத்தின் கூரையை மூடிவிட்டு ஆடினார்கள். பெயர் மட்டும் திறந்தவெளி!

2003இல் எட்மண்டனில், மைனஸ் 18 டிகிரி குளிரில், மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜோஸே தியோடர் முகக்கவசத்தின் மேல் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு நின்றாரே, அந்தக் கோலம் இன்றும் பேசப்படுகிறது. அபூர்வம் என்பதால்தான் அந்த மதிப்பு; மாதத்துக்கு ஒரு திறந்தவெளி ஆட்டம் என்று வைத்தால் அதையெல்லாம் யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்?

பனித்தளத்தின் தரம்தான் பெரிய சிக்கல். 2021 பிப்ரவரியில் டாஹோ ஏரிக்கரையில் கொலராடோவும் வேகாஸும் ஆடியபோது வெயிலில் பனித்தளம் இளகி, வீரர்களோடு நடுவர்களும் இடறி விழுந்தார்கள். மூன்று பகுதிகளில் முதல் பகுதியோடு நிறுத்திவிட்டு, எட்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து இரவில்தான் தொடர முடிந்தது. இத்தனைக்கும் அது காட்சி ஆட்டம் அல்ல. வென்றால் வழக்கமான இரண்டு புள்ளிகள், பிளேஆஃப் எனப்படும் கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போகும் வாய்ப்பையே மாற்றக்கூடியவை. வேடிக்கைதான் வேண்டுமென்றால், நட்சத்திர வீரர்கள் காட்சிக்காக ஆடும், புள்ளிக் கணக்கே இல்லாத ஆல் ஸ்டார் ஆட்டத்தை வெளியே கொண்டுபோகட்டும்.