மங்கிப்போன சேஸிஸ் நம்பரை நாமே அடித்துக்கொள்ளலாமா?

"பழைய அம்பாசடர், ஃபியட்டில் சேஸிஸ் நம்பர் (வண்டியின் இரும்பில் பதித்த அடையாள எண்) மங்கினால், ஆர்.சி. புக்கில் உள்ள எண்ணையே பஞ்ச் (இரும்பில் எழுத்தைப் பதிக்கும் அச்சு) வாங்கி அடித்துக்கொள்ளலாம், தப்பில்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

எண் சரியாகவே இருந்தாலும் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். தடயவியல்காரர்கள் அந்த இடத்தை மெருகேற்றி, காப்பர் குளோரைடு கலந்த அமிலம் தடவுவார்கள். அச்சின் அழுத்தம் இரும்புக்குள்ளும் இறங்கியிருப்பதால், ராவிய பழைய எழுத்து பெரும்பாலும் தெரிந்துவிடும். எண்ணை ராவி வேறு எண் அடித்த திருட்டு வண்டியிலும் இதே தடயம்தான். (துருவுக்கு நடுவே பளபளக்கும் புது எழுத்து வெறுங்கண்ணையே உறுத்தும்.)

முதலில் பெயிண்டையும் துருவையும் பக்குவமாக எடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் படிக்க முடியாவிட்டால், ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.