அபராதம் மட்டும் போதாது

இறால் பண்ணைச் சட்டத்தில் சிறைத் தண்டனையை எடுத்தது நல்ல சீர்திருத்தம் என்கிறது ஒரு கட்டுரை. கடலோர இறால் பண்ணைகளுக்கான 2005 சட்டத்தில், பதிவு செய்யாமல் பண்ணை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்துக்குப் பிறகு அபராதம்தான். ஒரே ஒரு இறால் குட்டை வைத்திருப்பவரை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, சரி. ஆனால் பெரிய பண்ணைக்காரருக்கு அபராதம் தீவனச் செலவு மாதிரி இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

அறுவடை முடிந்ததும் குட்டைத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் திறந்துவிட்டால், பக்கத்து வயல் வரப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். நாற்று கருகும். இந்தப் பாதிப்புக்காகத்தான் காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போய் 1996-ல் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். இப்போதும் அதே வாய்க்காலில் இறங்கித் தண்ணீரைச் சோதிக்க ஆள் வேண்டும். நாம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.